கைமாத்தவும் கூடாதாம், திருப்பவும் மாட்டானாம்!

ஏல பேராண்டி, போன்ல நீ பொலம்புனதக் கேட்டேன். பாட்டுக் கச்சேரிக்கு நாலாயிரம் ரூவா குடுத்து டிக்கெட்டு எடுத்துட்ட. அந்தச் சனிக்கிழமைதாம் சோலிக்கு வரணும்னு ஒன் கம்பெனிக்காரன் சொல்லிட்டான். டிக்கெட்டத் திருப்பலாம்னா 'பணம் வாபஸ் கிடையாது'ங்கான் ஆப்புக்காரன். சரி, கூட்டாளிக்காவது குடுப்போம்னா 'கைமாத்தக் கூடாது'ங்கான். நீயும் போவ முடியாது, அடுத்தவனும் போவக் கூடாது, பணமும் வராது. ஒன் பேரச் சொல்லி ஒரு நாற்காலி மட்டும் அங்கன மூணு மணி நேரம் சும்மா ஒக்காந்திருக்கும். எஞ்சினீயருக்குப் படிச்சவன் நீ, இதுக்கெல்லாம் 'சரி, சரி'ன்னு விரல வச்சு அமுக்கிட்டு, தாலுகா ஆபீசு வாசல்ல மனு எழுதிப் பொழச்ச கெழவன்ட்ட ரோசனை கேக்க. படிப்புக்கு ஆன செலவ நெனச்சா எனக்குக் கண்ணக் கட்டுது.

சரி, கேளு. நீ வாங்குனது நாற்காலி இல்ல. சட்டத்தோட கண்ணுக்கு அது ஒரு அனுமதி. இன்னொருத்தன் எடத்துக்குள்ள இன்ன நேரம் வந்து ஒக்காந்து போலாம்ங்கிற லைசென்சு. அந்த லைசென்சப் பத்திப் பேசுத சட்டம் ஒண்ணு இருக்கு: 1882ம் வருசத்து வசதியுரிமைச் சட்டம். வண்டிப்பாத வழக்கு, வாய்க்கா வழக்கு, கூரத் தண்ணி அடுத்தவன் முத்தத்துல விழுத வழக்கு, எல்லாத்துக்கும் நான் கட்டி அழுத சட்டம் அது. வெள்ளக்காரன் அத மொதல்ல கொண்டாந்ததே மெட்ராஸ் மாகாணத்துக்கும், மத்திய மாகாணத்துக்கும், குடகுக்கும்தாம். பம்பாய்க்காரனுக்குப் பொறவுதாம் போய்ச் சேந்திச்சு. ஆகையினால இது நம்ம வீட்டுச் சட்டம்னு தைரியமாச் சொல்லு.

அதுல 56ம் பிரிவு எனக்கு ரொம்பப் பிடிச்ச பிரிவு. பொதுவா ஒருத்தனுக்குக் குடுத்த அனுமதிய அவன் இன்னொருத்தனுக்குக் கைமாத்த முடியாது. 'என் தோட்டத்து வழியா நடந்துக்கோ'ன்னு நான் மாடசாமிக்குச் சொன்னா, மாடசாமி அத சுடலமுத்துக்கு மாத்திவிட முடியாது. ஆனா ஒரே ஒரு அனுமதிக்கு விலக்குக் குடுத்திருக்கான். பொதுமக்கள் கேளிக்கை நடக்குத எடத்துக்குப் போற அனுமதி இருக்கே, அத வாங்குனவன் அடுத்தவனுக்குக் கைமாத்தலாம்னு அச்சடிச்சு வச்சிருக்கான். கியூஆர் கோடும் இல்ல, ஆப்பும் இல்ல, ஒன் பாட்டனுக்குப் பாட்டன் மாட்டுவண்டி ஓட்டிக்கிட்டுத் திரிஞ்ச காலத்துலயே, 'கூத்துப் பாக்கப் போற சீட்டு, போறவன் போட்டும்'னு பெரிய மனசோட விட்டுருக்கான்.

துள்ளாத. அந்தப் பிரிவு ஆரம்பிக்கும்போதே ஒரு கொக்கி போட்டிருக்கு. 'வேற மாதிரி எண்ணம் வெளிப்படையாச் சொல்லியிருந்தாலோ, சொல்லாமலே வெளங்குனாலோ தவிர'ன்னு. ஒன் ஆப்புக்காரன் அந்த ஓட்டையிலதாம் கூடாரம் அடிச்சிருக்கான். நாப்பத்திரெண்டு பாரா விதிமுறையில முப்பத்தேழாவது பாராவுல, எறும்பு படிக்கிற எழுத்துல, 'இந்த டிக்கெட்டக் கைமாத்த முடியாது'ன்னு வெளிப்படையாச் சொல்லிப்புட்டான். சொன்னான், நீயும் ஒத்துக்கிட்ட. படிக்கலைங்கிறது ஒன் சமத்து. எழுத்து பொடிசா இருந்திச்சுங்காத. கிரிக்கெட்டு ஸ்கோர மட்டும் அதே போன்ல பஸ்ஸு குலுக்கல்லயும் படிக்கல்லா?

ஒண்ணு மட்டும் நெனச்சுப் பாரு. 'சம்மதம்'ங்கிற கட்டத்துல டிக்கு நீ போட்டியா, அவனாப் போட்டு வச்சிருந்தானா? 2020ம் வருசத்து மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதியில, வாங்குதவன் சம்மதத்த அவனாச் செய்யுத காரியத்தாலதாம் பதிவு செய்யணும், முன்கூட்டியே டிக்கு போட்ட கட்டம் செல்லாதுன்னு இருக்கு. அவனே போட்டிருந்தா அவன் பிடி தளருது. நீ போட்டிருந்தா, பைய அடுத்த வாதத்துக்கு வா.

அடுத்த வாதம்தாம் நான் சொல்ல வந்தது. கைமாத்தக் கூடாதுன்னு அவன் சொல்லுததுல நியாயமே இல்லைன்னு நான் சொல்லமாட்டேன். மொத்தமா அள்ளிப் பதுக்கி, வாசல்ல நின்னு பத்து மடங்குக்கு விக்கிற களவாணிய ஒழிக்கணும்னா, வாங்குனவன் பேருக்கே டிக்கெட்டக் கட்டி வைக்கிறது ஒரு வழி. இருக்கட்டும். அப்பம் வர முடியாதவன்ட்ட இருந்து நீ திருப்பி வாங்கிக்கோ. வரிசையில அடுத்து நிக்கிறவனுக்கு அதே வெலைக்குக் குடு. களவாணியும் பொழைக்க மாட்டான், ஒன் நாற்காலியும் காலியாக் கெடக்காது. அது மட்டும் முடியாதாம். 'இந்த மாட்ட நீ விக்கவும் கூடாது, நான் திருப்பிப் பிடிக்கவும் மாட்டேன், தீவனத்துக்குக் காச மட்டும் கட்டு'ன்னு எந்த மாட்டுத் தரகனாவது சொன்னா, சந்தையில இருந்து அவன் முழுசா வீடு போயிருவானா? ரெண்டு கதவுல ஒண்ண அடைக்கட்டும். ரெண்டையும் அடைச்சா அது கொட்டகை இல்ல, எலிப்பொறி.

இதுக்குச் சட்டத்துல எடம் இருக்கான்னு கேப்ப. இருக்கு. 2019ம் வருசத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 'நியாயமற்ற ஒப்பந்தம்'னு ஒண்ணச் சேத்தாங்க, 2(46)ம் பிரிவு. ஒப்பந்தத்த மீறுனதால எதிராளிக்கு ஆன நட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாம தண்டம் போடுதது அதுல வருது. நியாயமில்லாத நிபந்தனையச் சுமத்தி வாங்குதவனக் கீழ தள்ளுததும் வருது. ஒன் கச்சேரிக்கு டிக்கெட்டு முழுக்க வித்துப் போச்சு, வெளிய ஆளு காத்துக் கெடக்குன்னு வச்சுக்கோ. நீ வரலைன்னா அவனுக்கு என்ன நட்டம்? ஒரு பைசா இல்ல. ஒனக்குத் தண்டம் எவ்வளவு? முழு நாலாயிரம். இந்தக் கணக்க நீதிமன்றத்துல சொல்லு. ஆனா எடத்த மாத்திச் சொல்லிராத. நியாயமற்ற ஒப்பந்தம்னு சொல்லிப் போற மனு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவாது. சென்னையில இருக்குத மாநில ஆணையத்துக்குத்தாம் போவணும். அந்த நிபந்தனையே செல்லாதுன்னு சொல்லுத அதிகாரம் மாவட்டத்துக்கு இல்ல, அவங்களுக்கு இருக்கு.

அதே மின்வணிக விதியில இன்னொண்ணும் கெடக்கு. வாங்குதவன் ரத்து பண்ணுனா ரத்துக் கட்டணம் பிடிக்கணும்னா, கம்பெனிக்காரன் தானா ரத்து பண்ணும்போது அவனும் அதே மாதிரிக் கட்டணத்தச் சொமக்கணும். முழுப் பணத்தையும் முழுங்குததவிடப் பெரிய ரத்துக் கட்டணம் எதுன்னு நீ கேக்கலாம். அவன் வக்கீலு வேற மாதிரிச் சொல்லுவான். சொல்லட்டும், வாதம்னா ரெண்டு பக்கம் இருக்கத்தாம் செய்யும். ஆனா கேக்காம இருக்கிறவன் பக்கம் ஒரு வாதமும் இருக்காது.

இந்த ரயில்வேக்காரனப் பாரு. அவனத் திட்டாத ஆளு கெடையாது. ஆனா அவன் ரெண்டு கதவையும் தொறந்து வச்சிருக்கான். ரத்து பண்ணுனா கட்டணம் போவ மிச்சத்தத் திருப்புதான். உறுதியான டிக்கெட்டா இருந்தா, வண்டி கெளம்ப 24 மணி நேரத்துக்கு முன்ன எழுதிக் குடுத்து அப்பா, அம்மா, அண்ணந்தம்பி, அக்கா தங்கச்சி, மகன், மக, புருசன், பொண்டாட்டி பேருக்கு ஒரு தடவ மாத்திக்கிடலாம். தாத்தா அந்தப் பட்டியல்ல இல்ல. ரயில்வேக்காரன் கணக்குப்படி நான் ஒனக்குச் சொந்தமில்ல, அத வேற ஒரு நாளு பேசுவோம். ஆனா டிக்கெட்டு எடுத்து விக்கிறதையே தொழிலா வச்சவன் மாட்டுனா, ரயில்வே சட்டம் 143ம் பிரிவுல மூணு வருசம் வரைக்கும் உள்ள போலாம். குடும்பத்துக்குக் குடுக்கிறவனையும் கொள்ள அடிக்கிறவனையும் பிரிச்சுப் பாக்க ரயில்வேக்குத் தெரிஞ்சிருக்கு. கிட்டாரு வாசிக்கிற எடத்துல இருக்கிறவனுக்குத்தாம் தெரியல.

இப்பம் ஒன் மண்டையில ஓடுத இன்னொரு ரயில நான் பாக்காம இல்ல. 'தாத்தா, பத்தாயிரம் தாரேன்னு ஒருத்தன் கேக்கான்'னு போன வைக்கிறதுக்கு முன்ன முணுமுணுத்தல்லா? காது கேக்காதுன்னு நெனச்சியோ? ஏல, நாலாயிரத்து டிக்கெட்டப் பத்தாயிரத்துக்கு விக்க நெனைக்கிறவனுக்கு நுகர்வோர்னு பேரு இல்ல. நுகர்வோர் சட்டமே வியாபார நோக்கத்துக்கு வாங்குனவன வெளிய நிறுத்தி வச்சிருக்கு. நாளைக்குக் கச்சேரி நின்னு போனா, 'அய்யா, நான் லாபத்துக்கு விக்க வாங்கி வச்ச இருவது டிக்கெட்டும் போச்சே'ன்னு ஆணையத்துல போய் மூக்கச் சிந்த முடியாது. ஒரு டிக்கெட்ட, வாங்குன வெலைக்கு, அவன் பிடிச்ச கட்டணத்தையும் சேத்து, கூட்டாளிக்குக் குடு. அதுக்கு மேல வாங்குத ஒவ்வொரு ரூவாயும் ஒன் கட்சிய மெலிய வைக்கும்.

கோல்ட்பிளேன்னு ஒரு கோஷ்டி வந்திச்சே, ஞாபகம் இருக்கா? 2024 செப்டம்பர் 22ம் தேதி டிக்கெட்டு வித்தாங்க. ஒரு கோடிக்கு மேல ஆளு ஒரே நேரத்துல முண்டுனதுல ஆப்பே மூச்சு முட்டிப் படுத்திருச்சு. 2,500ல இருந்து 35,000 ரூவா வரைக்கும் போட்ட டிக்கெட்டு, கொஞ்ச நேரத்துல வேற தளத்துல லட்சக் கணக்குல வெல பேசுச்சு. அமலாக்கத்துறை டெல்லி, மும்பை, பெங்களூருன்னு போய்ச் சோதன போட்டுச்சு. ஒரு வக்கீலு பம்பாய் உயர் நீதிமன்றத்துல பொதுநல வழக்குப் போட்டாரு, ஆன்லைன் டிக்கெட்டுக் கொள்ளைக்கு ஒரு வழி பண்ணுங்கன்னு. 2025 ஜனவரி 10ம் தேதி நீதிமன்றம் தள்ளுபடி பண்ணிச்சு. சட்டம் போடுதது சட்டசபை வேல, எங்க வேல இல்லைன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு அடுத்த வாரம் மும்பையில கச்சேரி கச்சிதமா நடந்திச்சு. கச்சேரி டிக்கெட்டு மறுவிற்பனைக்குன்னு தனியா ஒரு மத்திய சட்டம் நம்மகிட்ட இல்ல. அயர்லாந்துக்காரன் 2021லயே, பெரிய அரங்கத்து டிக்கெட்டப் போட்ட வெலைக்கு மேல வித்தா குத்தம்னு சட்டம் போட்டுட்டான். நம்ம ஊருல சேப்பாக்கத்து வாசல்ல ரெண்டு டிக்கெட்டோட நிக்கிறவன் சட்டையப் பிடிச்சு வேன்ல ஏத்துதாங்க. ரெண்டாயிரம் டிக்கெட்டோட ஏசி ரூமுல ஒக்காந்திருக்கிறவனுக்குச் சட்டக் காலரு எட்டல போலிருக்கு.

விக்கிறவன் கத போதும். நாளைக்கே நீ இன்னொருத்தன்ட்ட வாங்குத ஆளா நிப்ப. அன்னைக்கு ஒன் புத்தி இன்னும் மோசமாப் போவும். வாட்சப்புல ஒருத்தன் கியூஆர் கோடப் படம் பிடிச்சு அனுப்புவான், நீ யூபிஐல பணத்த அனுப்புவ. அதே படத்த அவன் இன்னும் ஏழு பேருக்கு அனுப்பியிருப்பான். வாசல்ல மெசினு மொதல்ல காட்டுனவன உள்ள விடும், மிச்ச ஏழு பேரும் வெளிய நின்னு கோரஸ் பாடணும். அதனால படத்துக்குப் பணம் குடுக்காத. ஆப்புலயே டிக்கெட்ட மாத்திவிடுத பொத்தான் இருந்தா, அது வழியா ஒன் நம்பருக்கு வந்து சேந்தாத்தாம் பணம். சில கச்சேரிக்கு டிக்கெட்டு எடுத்தவன் அடையாள அட்டையக் கேப்பாங்க. நாலு டிக்கெட்ட ஒரே பேருல எடுத்திருந்தா அந்த ஆளு கூட வரணும்பாங்க. இதையெல்லாம் பணம் அனுப்புததுக்கு முன்ன கேளு. அனுப்புன பொறவு கேட்டா அதுக்குப் பேரு ஒப்பாரி. நீயும் டிக்கெட்டு வாங்குன பெருமையில கோடு தெரியப் படம் எடுத்து ஊருக்கே போடாத. ஒன் கோட்டக் காட்டி எவனாவது ஒன் நாற்காலியில ஒக்காந்து முறுக்குத் திம்பான்.

ஏமாந்துட்டா வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுக்குள்ள இருக்காத. ஒடனே சைபர் குத்த உதவி எண் 1930க்குப் போனப் போடு. பணம் அவன் கணக்க விட்டுப் போறதுக்கு முன்ன மறிக்க வழி இருக்கு. ஏமாத்திப் பணத்தப் பிடுங்குனவனுக்கு பாரதிய நியாய சன்ஹிதா 318ம் பிரிவுல ஏழு வருசம் வரைக்கும் கெடைக்கும். அவன் கச்சேரிய அங்கன போய்ப் பாக்கட்டும்.

இன்னொரு ரகம் இருக்கு. டிக்கெட்டு நெசம், உள்ள எடம்தாம் பொய். 2023ல பனையூருல ஏ.ஆர்.ரகுமான் கச்சேரி. ஆகஸ்ட் 12ம் தேதி நடக்க வேண்டியது மழையால தள்ளிப் போய் செப்டம்பர் 10ல நடந்திச்சு. டிக்கெட்டக் கையில வச்சுக்கிட்டு உள்ள போவ முடியாம வெளிய நின்னு தவிச்ச சனம் எம்புட்டு! பொறவு ரகுமானே, உள்ள போவ முடியாதவங்க டிக்கெட்டு நகல அனுப்புங்கன்னு சொல்ல வேண்டி வந்திச்சு. எடத்துக்கு மேல வித்தா அது சேவைக் குறைபாடு. தேதிய மாத்துனா, புதுத் தேதிக்கு வர முடியாதவன் பணத்தக் கேக்கது பிச்ச இல்ல. குறைபாடான சேவைக்கு வாங்குன பணத்த, ரசீதுல சொன்ன கெடுவுக்குள்ள, கெடு சொல்லலைன்னா 30 நாளைக்குள்ள திருப்பாம இருந்தா அது நியாயமற்ற வணிக முறைன்னு நுகர்வோர் சட்டத்துலயே இருக்கு.

அப்பம் ஒன் டிக்கெட்டுல போன கூட்டாளி கதி? அவன் பணம் கட்டலையே, அவனுக்கு என்ன பாத்தியதைன்னு கம்பெனிக்காரன் கேப்பான். அதுக்கும் அதே சட்டத்து 2(7)ம் பிரிவுல பதில் இருக்கு. பணம் குடுத்தவன் சம்மதத்தோட அந்தச் சேவைய அனுபவிக்கிறவனும் நுகர்வோர்தாம். அதனால டிக்கெட்டக் குடுக்கும்போதே, 'இன்ன டிக்கெட்ட இன்னாருக்கு இன்ன வெலைக்குக் குடுத்தேன்'னு ரெண்டு வரி மெசேஜ் போட்டு வை. ஏன்னா கச்சேரி நின்னா பணம் மொதல்ல வாங்குன ஒன் கணக்குக்குத்தாம் வரும். நீ அத முழுங்கிட்டு 'வரலையே மாப்ள'ன்னு சொல்லக் கூடிய ஆளுன்னு எனக்குத் தெரியும். ஒன் கூட்டாளிக்கும் தெரியணும்லா!

வெலையப் பத்தியும் ஒரு வார்த்த. மொதப் பக்கத்துல நாலாயிரம்னு காட்டி, கடைசிப் பக்கத்துல வசதிக் கட்டணம், அந்தக் கட்டணம், இந்தக் கட்டணம்னு சொட்டுச் சொட்டா ஏத்துதானே, அதையும் 'இன்னும் ரெண்டே டிக்கெட்டு'ன்னு பொய்யா வெரட்டுததையும், கேக்காமலே ஒரு ரூவா தர்மத்தக் கூடையில போடுததையும் 2023 நவம்பர் 30ம் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை பண்ணியாச்சு. மொத்தம் 13 தந்திரத்துக்குப் பேரு வச்சுப் பட்டியல் போட்டிருக்காங்க. ஐபிஎல்லு டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22ல இருந்து 40 சதவீதம் ஜிஎஸ்டி. ஆயிரம் ரூவா டிக்கெட்டு ஆயிரத்து நானூறு. அது சர்க்காரு வாங்குதது, அதுக்கு எம்மேல கோவப்படாத.

இப்பம் நீ செய்ய வேண்டியத வரிசையாச் சொல்லுதேன். டிக்கெட்டு, ரசீது, விதிமுறப் பக்கம், அவன் அனுப்புன பதிலு, எல்லாத்தையும் பத்திரப்படுத்து. ஆப்புல குறைதீர்ப்பு அலுவலர்னு ஒரு பேரு கட்டாயம் போட்டிருக்கணும்; தேடு. அந்த ஆளுக்கு மெயில் போடு. கெட்ட வார்த்த வேண்டாம், அது எனக்குன்னு விட்டுரு. 'எனக்கு வர இயலவில்லை. ஒன்று, இந்த டிக்கெட்டை இன்னார் பெயருக்கு மாற்ற அனுமதியுங்கள். அல்லது நியாயமான கட்டணம் போக மீதியைத் திருப்புங்கள். இரண்டையும் மறுப்பதானால் உங்களுக்கு ஏற்பட்ட நட்டம் என்னவென்று தெரிவியுங்கள்.' அம்புட்டுதாம். கடைசி வரிக்கு அவன்ட்ட பதில் இருக்காது. 48 மணி நேரத்துக்குள்ள கெடச்சதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீத்து வைக்கணும், விதி அப்படி.

தீக்கலைன்னா நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன். அதுக்கும் அசையலைன்னா மாவட்ட ஆணையம். சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிகம்னு போற மனுவ அங்கயே போடலாம். கம்பெனி மும்பையில இருந்தா மும்பைக்கு ஓட வேண்டாம், நீ குடியிருக்கிற ஊருலயே வழக்குப் போடலாம். நீ குடுத்த தொக அஞ்சு லட்சத்துக்குள்ளன்னா மனுக் கட்டணமும் கெடையாது. வக்கீலு கட்டாயமில்ல, இ-ஜாக்ரிதி தளத்துல வீட்டுல இருந்தே போடலாம். ரெண்டு வருசத்துக்குள்ள போட்டுரணும். நாலாயிரத்துக்கு இம்புட்டு அலையணுமான்னு கேப்ப. நீ அலைய மாட்டன்னு அவன் கணக்குப் போட்டுத்தாம் அந்த முப்பத்தேழாவது பாராவ எழுதியிருக்கான். பத்தாயிரம் பேரு சோம்பேறியா இருந்தா அவனுக்கு நாலு கோடி. அதுல ஒன் பங்கு சோம்பலுக்கு மட்டும் நாலாயிரம்.

மெயில ராத்திரியே போடு. சனிக்கிழம தாண்டிப் போட்டா அது மனு இல்ல, ஞாபகார்த்தம். நல்ல பதிலு வந்து கைமாத்தலாம்னு சொல்லிட்டான்னா, யாருக்குக் குடுக்கன்னு மண்டையப் போட்டு ஒடச்சுக்காத. ஒங்க ஆச்சிட்ட நான் ஒரு வார்த்த கூடச் சொல்லல. ஆனா போன் ஸ்பீக்கர்ல இருந்திச்சு. பட்டுச்சேலைய வெயில்ல காயப் போட்டுட்டு, கச்சேரி நடக்குத எடத்துக்குப் பக்கத்துல கக்கூஸு இருக்கான்னு கேட்டுச் சொல்லச் சொல்லுதா.